செம்பாறை இடுக்கில் வெளிச்சம் எப்படிச் சமைகிறது?

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து நாட்டு ஓட்டு வீடுகளில் சமையலறைக்குச் சன்னல் இருக்காது; இருந்தாலும் கையகலம்தான். அதற்கு ஈடாகக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். உச்சிப்பொழுதில் அதன் வழியே ஒரு கற்றை வெயில் இறங்கித் தரையில் விழும். அடுப்பில் மல்லாட்டைத் தோலோ வறட்டியோ புகைந்துகொண்டிருந்தால் அந்தக் கற்றை கூரையிலிருந்து தரைவரை முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். புகை அடங்கியதும் கற்றை காணாமல் போகும். தரையில் வெயில் திட்டு மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டு நகர்ந்து நகர்ந்து, புளி போட்டுத் தேய்த்து வைத்த செப்புத் தவலைக்குள் விழும்போது இன்னொன்று நடக்கும். ஈயம் பூசிய சமையல் பாத்திரத்தில் இதைப் பார்க்க முடியாது; தண்ணீர் பிடித்துவைக்கும் தவலையாக இருக்கவேண்டும். வெளிப்புறம் வெளிர் செம்பு நிறத்தில் இருக்க, உட்புறம் தணலாகச் சிவக்கும். உலோகம் ஒன்றுதான், தேய்த்த கையும் ஒன்றுதான். ஆனாலும் உள்ளே நிறம் ஆழம்.

ஓடு, புகை, தவலை. உலகத்துப் புகைப்படக்காரர்கள் விமானம் ஏறிப்போய்ப் படமெடுக்கும் மணற்பாறை இடுக்குகளில் வெளிச்சம் செய்யும் வேலை முழுவதும் இந்த மூன்றில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்கு அவற்றில் பேர்போனது. நவஹோ பழங்குடியினரின் நிலம் அது. அவர்களின் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. இரண்டு கைகளை நீட்டினால் இரு பக்கச் சுவரையும் தொட்டுவிடக்கூடிய அகலம். சுவர்கள் நெளிந்து நெளிந்து தலைக்கு மேலே எங்கோ கூடுகின்றன. வானம் ஒரு கீற்று.

இப்படி ஓர் இடுக்கு நம் திருவண்ணாமலை வட்டாரத்தில் ஏன் இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டால், அது எங்கே உருவாகும் என்பதும் விளங்கிவிடும். கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே செஞ்சிக்குப் போகும் வழியெல்லாம் உருண்டு திரண்ட பாறைகள். அது நெருப்பும் அழுத்தமும் இறுக்கிய கல்; தண்ணீர் ஊறுவதற்கு உள்ளே இடமில்லை. வெடிப்பு வழியாக மட்டும் நீரும் வெயிலும் புகுந்து, மூலைகளை மழுக்கி, குண்டு குண்டாக உடைத்துப் போடுகின்றன. செஞ்சி ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே இயற்கையான ஒரு பிளவு உண்டு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். கோட்டைக்கு அதைவிட நல்ல அகழி கிடைக்காது. ஆனால் படமெடுக்கிறவரைக் கட்டிப்போடும் சிவப்பு அங்கே இல்லை. சாம்பல் நிறக் கல் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பும். எத்தனை முறை பட்டுத் திரும்பினாலும் சாம்பல் சாம்பலாகவே மங்கிப்போகும்.

மணற்பாறை வேறு சாதி. அரிசோனாவின் நவஹோ மணற்பாறை சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடு. மேட்டின்மேல் மேடாக அடுக்கடுக்காகப் படிந்தது. மணலுக்கு நடுவே ஊறிய நீரில் கரைந்திருந்த தாதுக்கள் மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தன. இரும்பு ஆக்சைடு ஒவ்வொரு மணிக்கும் ஒரு மெல்லிய சிவப்புப் பூச்சுக் கொடுத்தது. மேலே ஒரு விரிசல். மழை பெய்தால் வெள்ளம் அந்த விரிசலைத் தேடி வருகிறது. அறுப்பது தண்ணீர் என்று சொல்கிறோம். உண்மையில் அறுப்பது தண்ணீர் சுமந்துவரும் மணல். வறண்ட நாட்டில் மழை எப்போதாவது வந்து ஒரே மூச்சாகக் கொட்டும். பள்ளம் பக்கவாட்டில் அகலுவதற்கு முன் ஆழமாகிவிடும். சுழித்து ஓடிய வெள்ளத்தின் வடிவம்தான் சுவரின் நெளிவு. சுவரில் ஓடும் கோடுகள் அந்தப் பழைய மணல்மேட்டின் சரிவுகள்.

இந்த வெள்ளம் பழங்கதை இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் இருந்த சுற்றுலாக்காரர்கள் 11 பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல்களுக்கு அப்பால். படத்தைப் பார்த்து மயங்குகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது? கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கடற்கரைப் பக்கம் இறங்கினால் கருங்கல் பின்தங்கி மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம். அதற்கு மேற்கே ஆரோவில் மேட்டு நிலம். அந்த மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் செம்மண் ஓடைகள் ஆளுயரத்துக்கு மேல் வெட்டி இறங்கி, இடுக்குகளாகவும் கூம்புகளாகவும் நிற்கின்றன. கடலூர் மணற்பாறை என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட அடுக்கைச் சேர்ந்தது இந்த நிலம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல். இதே அடுக்கின் ஒரு பகுதிதான் திருவக்கரையில் கல்மரங்களைத் தன்னுள் வைத்திருக்கிறது. பிரெஞ்சு இயற்கையாளர் சொனரா 1781-இலேயே எழுதிவைத்த கல்மரங்கள் அவை. சுமார் 2 கோடி ஆண்டு வயது. வக்கிரகாளி கோயிலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்திலிருக்கும் அந்தப் பூங்காவுக்குள் போகிறார்கள்? வழியில் இறங்கிப் பாருங்கள். பாறை என்றால் என்ன, அது எவ்வளவு இளகியதாக இருக்கமுடியும் என்பது அங்கே கையில் தட்டுப்படும்.

பொம்மையார்பாளையம் அரிசோனா ஆகாது. பாறை முழுசாக இறுகாதது. நகத்தால் கீறினால் உதிரும். பெரும்பாலான இடங்களில் மேற்புறம் அகன்று திறந்திருக்கும். ஆனால் வெளிச்சத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. இரண்டு சிவப்புச் சுவர்கள் எதிரெதிரே நெருங்கி நின்றால் தவலை தயார்.

தவலைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிவப்புச் சுவர், தன்மேல் படும் சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 60-ஐயும் நீல ஒளியில் நூற்றுக்கு 20-ஐயும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை பட்டுத் திரும்பிய ஒளியில் சிவப்பு நீலத்தைப்போல் 3 மடங்கு. அது எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும்போது சிவப்பு 36, நீலம் 4. அதாவது 9 மடங்கு. மூன்றாவது முறை பட்டால் 27 மடங்கு. மொத்த வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது, நிறம் செறிந்துகொண்டே போகிறது. வெயில் நேரடியாகப் படும் சுவர் வெளிறி, வெந்த மண்ணாகக் கிடக்க, வெயிலே படாத எதிர்ச்சுவர் ஆரஞ்சாக ஒளிர்வதற்குக் காரணம் இதுதான். தவலையின் வெளிப்புறத்தைப் பார்க்கிறவருக்கு ஒருமுறை பட்ட ஒளி. உட்புறத்தைப் பார்க்கிறவருக்குப் பலமுறை பட்ட ஒளி.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வெயில் தொட்ட சுவரைப் படமெடுக்காதீர்கள், வெயில் தொட்ட சுவர் எந்தச் சுவரைத் தொடுகிறதோ அதை எடுங்கள். பொம்மையார்பாளையத்துக்குப் போய் மண்மேட்டின்மேல் ஏறி, நல்ல வெயிலில், நீல வானத்தோடு சேர்த்து எடுத்த படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்கமாட்டேன் என்கிறது. அத்தனை அழகும் கீழே, நிழலில், முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

நிழலின் அடியாழத்தில் இன்னொரு நிறமும் உண்டு. எதிர்ச்சுவரின் ஒளி எட்டாத மூலைகளுக்கு மேலேயுள்ள வானக் கீற்று மட்டுமே விளக்கு. வான ஒளி நீலம். நீலம் சிவப்புப் பாறையில் பட்டால் கத்தரிப்பூ நிறம். கண் இதை அவ்வளவாகக் கவனிக்காது. மூளை எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும். கேமரா அப்படியே எழுதிவைக்கும். ஆன்டிலோப் படங்களில் மேலே மஞ்சள், நடுவே ஆரஞ்சு, கீழே ஊதா என்று வருவதைப் பார்த்துக் கணினியில் பூசியது என்று நினைப்பவர்கள் உண்டு. சிலர் பூசவும் செய்கிறார்கள். ஆனால் பூசாமலே வரும்.

இப்போது கண்ணாடி ஓட்டுக்கு வருவோம். மேல் ஆன்டிலோப்பில் கோடைக்காலத்து நடுப்பகலில் கூரைத் துளை வழியாக ஒளித்தூண்கள் இறங்கும். அடுப்புப் புகையின் வேலையை அங்கே மணல் தூசி செய்கிறது. கற்றை தெரியவேண்டும் என்பதற்காக வழிகாட்டிகளே ஒரு கை மணலை வாரி வீசுவது வழக்கம். ஒளி தன் பாதையில் போய்க்கொண்டே இருந்தால் நம் கண்ணுக்கு வராது. நடுவில் ஏதாவது துகள் அதைச் சிதறடித்து நம் பக்கம் திருப்பிவிடவேண்டும். பீட்டர் லிக் என்ற புகைப்படக்காரர் அப்படி எழும்பிய தூசியை ஓர் உருவமாகப் பிடித்து, ‘பேன்டம்’ என்று பெயரிட்ட கறுப்பு வெள்ளைப் படத்தை 65 லட்சம் டாலருக்கு விற்றதாக 2014-இல் அவர் தரப்பு அறிவித்தது. விலையைப் பற்றிய சண்டை இருக்கட்டும். அந்தப் படத்தில் நிறமே இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருக்கு வெகு முன்பே, 1980-இல், கணிதம் படித்த புரூஸ் பார்ன்பாம் இந்த இடுக்குகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கத் தொடங்கினார். நிறத்தை எடுத்துவிட்டாலும் நிற்கக்கூடிய வடிவம் அந்த நெளிவுகளில் இருக்கிறது. சிவப்பை நம்பி வடிவத்தைக் கோட்டைவிட்ட படங்கள்தான் அதிகம்.

அரிசோனாவுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆன்டிலோப் ஏறத்தாழ 37 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வராது. ஜூன் மாத நடுப்பகலிலும் 77 டிகிரிக்கு மேல் ஏறாது. கீழ்பென்னாத்தூரும் பொம்மையார்பாளையமும் 12 டிகிரியை ஒட்டியவை. ஏப்ரல் 22, 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் இங்கே சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். இந்தியக் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம் என்பதால் அந்த உச்சி நம்மூரில் 12 மணிக்கு வராது, பத்துப் பன்னிரண்டு நிமிடம் தள்ளி வரும். அந்த நாட்களில் கண்ணாடி ஓட்டின் வெயில் சுவரில் படாமல் நேர் கீழே இறங்கும். இடுக்கிலும் அப்படியே, குறுகலான ஓடையின் அடிமண் வரை வெயில் போய்த் தொடும். அடிமண்ணே அப்போது விளக்காகிவிடுகிறது. சுவர்கள் இரண்டும் கீழிருந்து மேலாக ஒளி வாங்கும். மற்ற நாட்களில் காணமுடியாத காட்சி அது. வெயில் கொளுத்தும், நேரமோ கொஞ்சம்தான் கிடைக்கும், ஆனாலும் போகலாம்.

அமைதியாக வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குப் பொங்கலை ஒட்டிய நாட்கள்தான் பொருத்தம். காரணம் சொல்கிறேன். இந்த ஓடைகள் கடலைத் தேடிப் போவதால் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. ஆகவே ஒரு சுவர் தெற்கே பார்க்கும், மற்றது வடக்கே பார்க்கும். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து, உச்சியிலும் சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தெற்கே பார்த்த சுவர் நாள் முழுக்க வெயில் வாங்க, வடக்கே பார்த்த சுவர் நாள் முழுக்க நிழலில் நின்று அதன் ஒளியை வாங்கிக்கொண்டிருக்கும். ஓடை வளைகிற இடங்களில் இந்தக் கணக்கு மாறும். வளைவில்தான் நல்ல படமும் கிடைக்கும், ஏனென்றால் எதிரொளி வாங்கும் சுவர் அங்கே உங்களுக்கு நேர் எதிரே வந்து நிற்கிறது. போதாததற்கு, வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு சுவர்கள் கழுவிவிட்டதாக இருக்கும். ஈரம் மிச்சமிருந்தால் சிவப்பு இன்னும் ஆழம்.

கேமராவைப் பொறுத்தவரை முதல் சிக்கல் வெளிச்ச ஏற்றத்தாழ்வு. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 16 என்று வைத்தால் ஷட்டர் நொடியில் நூற்றில் ஒரு பங்கு போதும். ஆழமான இடுக்கில் வெளிச்சம் ஒன்பது படி குறைவாக இருக்கலாம். ஒவ்வொரு படியும் பாதி. ஒன்பது படி என்றால் 512-இல் ஒரு பங்கு. அதே அமைப்பில் 5 நொடி ஷட்டர் திறந்திருக்கவேண்டும். கையில் பிடித்து எடுக்கிற கதை இல்லை. டிரைபாட் வேண்டும், பொத்தானை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமரில் விடவேண்டும். மேல் ஆன்டிலோப்பில் சில ஆண்டுகளாக டிரைபாடுக்கு இடமில்லை, கூட்டம் அப்படி. அங்கே போகிறவர்கள் ஐஎஸ்ஓவை ஏற்றிச் சமாளிக்கிறார்கள். நம் ஓடையில் அந்த நெருக்கடி இல்லை.

வானத்தைச் சட்டத்துக்குள் விடாதீர்கள். ஒன்பது படி வித்தியாசத்தில், இடுக்குக்குச் சரியான அளவு திறந்தால் வானம் வெறும் வெள்ளைக் கிழிசலாகிவிடும். வானத்துக்குச் சரியாகத் திறந்தால் இடுக்கு கரி. லென்ஸைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். வெயில் நேராக விழுந்த திட்டுகளையும் தள்ளிவையுங்கள். ஒளி எங்கிருந்து வருகிறது என்பது சட்டத்துக்கு வெளியே இருந்தால் சுவர் தானாகவே ஒளிர்வதுபோல் தோன்றும். சட்டத்துக்குள் மிஞ்சியதில் எது மிகப் பிரகாசமோ அதற்கு அளவு எடுங்கள். ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டாமல் இருக்கட்டும், அதிலும் சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள். இந்த இடத்தில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புதான்.

ஒயிட் பேலன்ஸ்தான் பலரை ஏமாற்றும் இடம். ‘ஆட்டோ’வில் விட்டால் கேமரா, எங்கும் ஒரே சிவப்பாக இருக்கிறதே, விளக்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி நீலத்தைக் கூட்டிவிடும். நீங்கள் தேடி வந்த நிறத்தை அதுவே துடைத்துவிடுகிறது. பகல் வெளிச்ச அமைப்பில், சுமார் 5,500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். அப்போதுதான் ஆரஞ்சும் ஊதாவும் தத்தம் இடத்தில் நிற்கும். ‘ரா’ கோப்பாக எடுத்தால் பிறகு திருத்த வழி உண்டு; ஆனாலும் அங்கேயே திரையில் சரியான நிறத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது வேறு. எந்தச் சுவரில் எத்தனையாவது எதிரொளி விழுகிறது என்று கண் பழகிவிடும்.

கைப்பேசி வைத்திருப்பவர்களும் மனம் தளரவேண்டியதில்லை. புரோ மோடில் இதே எண்களை வைக்கலாம். அது இல்லாத கைப்பேசியில், பிரகாசமான சுவரைத் தொட்டு அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டு, கைப்பேசியைப் பைமேல் சாய்த்துவைத்து டைமரில் எடுங்கள். தானாக எச்டிஆர் போடுவதை அணைத்துவிடுவது நல்லது. நிழலையெல்லாம் தூக்கிவிட்டு ஆழத்தைத் தட்டையாக்கிவிடும்.

லென்ஸைப் பற்றி ஒரு சொல். இடுக்கு என்றதும் எல்லாரும் அகலக் கோணத்தை மாட்டுகிறார்கள். முழுசும் உள்ளே வரவேண்டும் என்ற ஆசை. நான் சொல்வது, 50 முதல் 70 மில்லிமீட்டர் வரை போய்ப் பாருங்கள். ஒரு வளைவு, அதன் பின்னால் இன்னொரு வளைவு, இரண்டுக்கும் நடுவே நிறம் மாறும் இடம். அவ்வளவு போதும். அருகிலுள்ள வளைவும் தூரத்து வளைவும் கூர்மையாக இருக்க எஃப் 11 வைத்து, போதவில்லை என்றால் குவியம் மாற்றி இரண்டு படமாக எடுத்துப் பிறகு சேர்க்கலாம். உள்ளே நின்று லென்ஸைக் கழற்ற வேண்டாம். அந்தத் தூசி சென்சாரை விட்டுப் போகாது. போலரைசர் ஒன்றரை, இரண்டு படி வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஆனால் சுவர் ஈரமாக இருக்கும் நாளில் மினுக்கத்தை நீக்கிச் சிவப்பை வெளியே கொண்டுவர அதைவிட்டால் ஆளில்லை.

பொம்மையார்பாளையத்து ஓடைகளைப் பற்றி மனத்தில் ஒரு பாரமும் இருக்கிறது. ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியபோது அந்த மேடு மரமில்லாமல் மொட்டையாகக் கிடந்தது. மறிக்க வேர் இல்லாததால் பெய்த மழையெல்லாம் மேல்மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. அந்த ஓட்டம் வெட்டிய வெட்டுத்தான் நாம் இன்று படமெடுக்கும் அழகு. வந்து குடியேறியவர்கள் வரப்புகள் போட்டு, நீரைத் தேக்கி, பல லட்சம் மரங்கள் வைத்தார்கள். மேட்டின் பெரும்பகுதி இன்று காடு. அரிசோனாவின் பாறையை அறுத்ததில் மனிதருக்குப் பங்கில்லை. இங்கே மண்ணை இழந்ததில் நமக்குப் பங்குண்டு. ஓர் உழவர் வீட்டுப் பிள்ளையால் அந்தச் சிவப்பை வெறும் அழகாக மட்டும் பார்க்க முடியாது. நல்ல படம் இதையும் காட்டும்: ஓரத்தில் தொங்கும் வேர், அடியில் வண்டலாகப் படிந்த மேல்மண், மேலே வரப்பின்மேல் நிற்கும் மரம். வானத்தைத்தான் வெளியே தள்ளச் சொன்னேன். இவற்றை உள்ளே விடுங்கள்.

ஆகவே ஓடையின் விளிம்பில் ஏறி நின்று படமெடுக்க வேண்டாம். அது பாறை மாதிரி தெரியும் மண். அடியில் குடைந்திருந்தால் ஆளோடு சேர்ந்து சரியும். சுவரில் பெயர் கீறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நகம் பட்டாலே உதிரும் சுவர் அது. டிரைபாட் கால்களைச் சுவரில் ஊன்றாமல் ஓடையின் நடுமணலில் ஊன்றுங்கள். மேற்கே மேகம் கறுத்தால் தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் மேட்டிலிருந்துதான் வரும். போகும்போது ஒரு குடம் தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். உள்ளே காற்று அசையாது, ஏப்ரலில் என்றால் அரைமணி நேரத்துக்குமேல் ஒரே இடத்தில் நிற்க முடியாது.